கித்துள் பாணியும் ஒரு சுழியும்

மலைக்குக் குளிர்காலம் வந்துவிட்டதா என்று அறிய, தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்தில் எவரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சடையனின் இருமலைக் கேட்டாலே போதும்.

"லொக்... லொக்... லொக்..."

பொழுது புலருமுன்னே தொடங்கிவிடும். சடையனுக்கு நான்கு வயது. அவனுடைய அக்காள் அங்கம்மாவுக்குப் பத்து வயது. அவன் இருமும்போதெல்லாம் அவள் தன் மூச்சை அடக்கிக்கொள்வாள். அடுத்த இருமல் வராது என்று தெரிந்த பின்னர்தான் அந்த மூச்சை வெளியே விடுவாள்.

தேயிலை என்னும் செடியை அந்த மலைகள் இன்னும் கண்டிராத காலம் அது. இலங்கையின் ஹுன்னஸ்கிரியவைச் சுற்றிய சரிவுகளில் எங்கே திரும்பினாலும் கோப்பி, அதாவது காப்பிச் செடிதான். கார்த்திகை பிறந்ததும் கோப்பிப் பழம் சிவக்கும். பழம் சிவந்ததும் மழையும் பனியும் கைகோத்துக்கொண்டு வரும். பெரியவர்கள் நனைந்தபடியே பழம் பறிப்பார்கள். பிள்ளைகள் லயத்தின் ஈரத் தரையில் இருமியபடியே படுத்திருப்பார்கள்.

தோட்டத்தில் மருந்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. துரையின் பங்களாவில் ஒரு மருந்துப் பெட்டி இருந்தது. அதற்கு நல்ல பித்தளைப் பூட்டும் இருந்தது. துரையின் குதிரை தும்மினால் அந்தப் பூட்டு உடனே திறக்கும். பழம் பறிக்கிறவர்களின் பிள்ளை இருமினால் திறக்காது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஆகவே, லயத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்காமல் தாங்களே மருந்து செய்துகொண்டார்கள்.

போன குளிரில் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பிராவில், ஒரு குழந்தை இப்படித்தான் இருமத் தொடங்கியது. அந்தக் குழந்தையைப் பற்றி இப்போது எவரும் பேசுவதில்லை. ஆனால், சடையன் இருமும்போது எல்லாரும் கடைசிக் காம்பிராவின் கதவை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அங்கம்மா அதைக் கவனித்திருந்தாள்.

*

லயத்துப் பெண்கள் முறைபோட்டு நாளுக்கு ஒருத்தியாக வீட்டில் நின்று எல்லாருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது வழக்கம். அன்றைய முறை அங்கம்மாவின் தாய் வேலாயிக்கு. அன்றைக்கே லயம் முழுவதற்கும் இருமல் பாகு காய்ச்சிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

ஒரு வீட்டார் மிளகு கொடுத்தார்கள். ஒரு வீட்டார் சுக்கு கொடுத்தார்கள். ஒரு வீட்டார் திப்பிலி கொடுத்தார்கள். துளசி வேலாயியின் வாசலிலேயே இருந்தது. ஆடாதோடை வேலியோரத்தில் தழைத்து நின்றது. ஆடுகூடத் தின்னாத கசப்பு அந்த இலைக்கு.

வேலாயி பெரிய மண்பானையை அடுப்பில் ஏற்றினாள்.

"ஊரா இருந்தா கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிருவேன். இங்க அதுக்கு எங்க போறது? அங்கம்மா, கீழ கிராமத்துக்குப் போயி மெனிக்காகிட்ட கித்துள் பாணி வாங்கிக்கிட்டு வா" என்றாள்.

கித்துள் என்னும் கூந்தற்பனையின் பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் தேனைப்போல் ஓடும் கரிய பாகு கிடைக்கும். அதுதான் பாணி.

"நாங்கூடப் போறேன்" என்றான் சடையன். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"நீ ஒண்ணும் போக வேணாம். பாணியை வழியிலேயே குடிச்சுப்புட்டு, குழாயை மட்டும் கொண்டாந்து குடுப்பே" என்றாள் பக்கத்துக் காம்பிரா நல்லம்மா. கைக்குழந்தைக்காரி ஆகையால் அவளும் அன்று வீட்டில் இருந்தாள்.

"நான் மருந்து குடிக்கமாட்டேன்" என்று சடையன் முன்கூட்டியே அறிவித்தான். "பாணி மட்டும் குடிப்பேன்."

வேலாயி ஒரு முடிச்சு உப்பும், சிரட்டையில் நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அங்கம்மாவை அனுப்பினாள். மலைநாட்டுக் கிராமத்தில் உப்பு என்றால் சும்மா இல்லை. அது கடலோரத்திலிருந்து மாட்டு முதுகில் ஏறி வர வேண்டிய பொருள்.

*

டிங்கிரி மெனிக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் பாக்கு மரங்களுக்கு நடுவே குடியிருந்தாள். வேலாயியின் வயதுதான் இருக்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது. அங்கம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆயினும், உப்புக்கும் பாணிக்கும் மொழி வேண்டியிருக்கவில்லை. உப்பைக் கண்டதும் மெனிக்கா சிரித்தாள். ஒரு மூங்கில் குழாய் நிறையப் பாணி கொண்டுவந்து தந்தாள்.

அங்கம்மா உடனே கிளம்பவில்லை. இந்தப் பாணி எதற்கு என்று சொல்ல வேண்டும்போல் அவளுக்குத் தோன்றியது. கையைத் தாழ்த்திச் சிறு பிள்ளையின் உயரத்தைக் காட்டினாள். பிறகு சடையனைப் போலவே இருமிக் காட்டினாள்.

"லொக்... லொக்... லொக்..."

மெனிக்காவின் சிரிப்பு மறைந்தது. சட்டென்று உள்ளே போனாள். வாழையிலைப் பொட்டலம் ஒன்றோடு திரும்பி வந்தாள். அதற்குள்ளே காட்டுக் கிழங்கை அரைத்துச் செய்த கரிய விழுது இருந்தது.

அதைக் கொடுத்துவிட்டுத் தன் நெஞ்சை மேலும் கீழுமாகத் தடவிக் காட்டினாள். ஏதோ விரைவாகச் சொன்னாள். அங்கம்மாவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"பாப்பாவே... கண்ணா, எப்பா! கண்ணா, எப்பா!"

அங்கம்மாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இந்த மெனிக்கா அக்கா தமிழில் கொஞ்சுகிறாளே! அதுவும் ஒருமுறைக்கு இரண்டுமுறை!

அவளுக்குச் சிரிப்பும் வந்தது. பெண்பிள்ளையைப் போய் எவராவது 'கண்ணா' என்று கூப்பிடுவார்களா? 'கண்ணு' என்று சொல்லலாம். 'கண்ணம்மா' என்று சொல்லலாம். 'கண்ணா' என்பது ஆண்பிள்ளைக்கல்லவா? பாவம், அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலும்!

அங்கம்மா வாய்கொள்ளாச் சிரிப்போடு தலையை ஆட்டினாள். பொட்டலத்தையும் குழாயையும் சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடினாள். பாக்கு மரங்களைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, மெனிக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் சிரிப்பே இல்லை.

*

"இது என்னடி?" என்று கேட்டாள் வேலாயி, விழுதை முகர்ந்து பார்த்து.

"மெனிக்கா அக்கா குடுத்துச்சு, ஆத்தா. நான் தம்பி மாதிரி இருமிக் காட்டினேனா? ஓடிப்போயி இதைக் கொண்டாந்துச்சு."

"என்ன சொல்லிக் குடுத்தா?"

"நெஞ்சைத் தடவிக் காட்டுச்சு. 'நெஞ்சுக்கு எதமா இருக்கும்'னு சொல்லுது. அப்புறம் 'பாப்பா, கண்ணா, எப்பா'ன்னு என்னையக் கொஞ்சுச்சு!"

"கண்ணாவா? ஒன்னையவா?" நல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலபோல. வாலுப்பயன்னு நெனச்சுட்டா."

வேலாயி சற்று நேரம் யோசித்தாள். கெட்ட மனம் உள்ளவள் கொஞ்சிக்கொண்டு கொடுப்பாளா? உப்புக்கு மேலாகவும் ஒன்று கொடுத்திருக்கிறாள் என்றால் அது நல்ல பொருளாகத்தான் இருக்கும்.

பாணி பானைக்குள் போயிற்று. விழுதும் போயிற்று.

பானை குமிழியிட்டது. பாகு திரண்டது. வாசனை லயத்தின் கடைசி வரைக்கும் போய்ப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது.

"தூரப் போங்க! வேலை விடுற கொம்பு ஊதட்டும். பாகு ஆறணும். அவுங்கவுங்க ஆத்தா வந்ததும் ஆளுக்கொரு கரண்டி" என்று வேலாயி அவர்களை விரட்டினாள். பிறகு மகளைப் பார்த்து, "அப்பா கம்பளியை மறந்துட்டுப் போயிட்டாரு. மழை வருது பாரு. ஸ்டோருக்கு ஓடிப்போயிக் குடுத்துட்டு வா" என்றாள்.

*

கோப்பி ஸ்டோர் மலையடிவாரத்தில், வண்டிப் பாதையோரத்தில் இருந்தது. கண்டிக்குப் போகும் மாட்டுவண்டி ஒன்று மூட்டைகளோடு நின்றது. அங்கம்மாவின் தந்தை காளிமுத்து உள்ளே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வரும் வரைக்கும் அங்கம்மா வண்டியருகே நின்று வேடிக்கை பார்த்தாள்.

வண்டிக்காரர் ஒரு சிங்களவர். அவர் சோறு கட்டியிருந்த வாழையிலைப் பொதியை வண்டியின் விளிம்பில் வைத்துவிட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை மாடு அதைப் பார்த்தது. மெல்லக் கழுத்தை நீட்டியது. நாக்கு பொதியைத் தொட்டேவிட்டது.

"கன்ன எப்பா!" என்று கத்தினார் வண்டிக்காரர். "கன்ன எப்பா!"

மாட்டின் மூக்கில் பட்டென்று ஒரு தட்டும் விழுந்தது.

அங்கம்மா களுக்கென்று சிரித்தாள். இவரும் கொஞ்சுகிறாரே! மாட்டைப் போய்...

சிரிப்பு பாதியில் நின்றது.

கொஞ்சுகிறவர் எதற்காக அடிக்கிறார்?

வண்டிக்காரர் சோற்றுப் பொதியை எடுத்து உள்ளே வைத்தார். ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து மாட்டின் முன்னே போட்டார். அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "கன்ன, கன்ன" என்றார்.

மாடு தின்னத் தொடங்கியது.

'எப்பா' என்றபோது அடி. 'எப்பா' இல்லாதபோது வைக்கோல்.

அங்கம்மா அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் எழுத்துப் படித்தவள் அல்லள். ஆனால் அவளுக்குக் கூர்மையான காது இருந்தது. 'கண்ணா' என்று சொல்லும்போது நாக்கு மடிந்து மேலே தொடும். இந்த மனிதரின் நாக்கு மடியவே இல்லை. மெனிக்கா அக்காவின் நாக்கும் மடியவில்லை. மூன்று சுழி 'ண' எங்கே, இரண்டு சுழி 'ன' எங்கே! 'இரண்டும் ஒன்றுதானே, எதைச் சொன்னால் என்ன' என்று கேட்கிறவர்கள் அன்றைக்கு அந்த வண்டிப் பாதையில் அங்கம்மாவோடு நின்றிருக்க வேண்டும்.

அவள் கீழே சிந்திக் கிடந்த ஒரு கோப்பிப் பழத்தை எடுத்தாள். அதை வாயருகே கொண்டுபோய், "கன்ன?" என்று வண்டிக்காரரைக் கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டு தலையசைத்தார். தின்னு, தின்னு என்று கையாலும் காட்டினார்.

"கன்ன எப்பா?"

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வாய்க்குக் கொண்டுபோன கையை அப்பால் வீசிக் காட்டினார்.

தின்னாதே!

மெனிக்கா அக்கா கொஞ்சவே இல்லை. தின்னாதே, தின்னாதே என்று இரண்டுமுறை சொல்லியிருக்கிறாள். நெஞ்சைத் தடவிக் காட்டியது இதம் என்று சொல்வதற்கு அன்று. நெஞ்சில் பூச வேண்டும் என்று சொல்வதற்கு!

அந்த விழுது பானைக்குள் கிடக்கிறது. முதல் கரண்டி சடையனுக்கு.

கம்பளியை வண்டியின் நுகத்தடியில் போட்டுவிட்டு அங்கம்மா ஓடினாள்.

*

வண்டிப் பாதை வளைந்து வளைந்து போகும். அவ்வளவு நேரம் ஏது? அவள் கோப்பிச் செடிகளுக்குள்ளே புகுந்து நேராக மேலே ஏறினாள். கிளைகள் முகத்தில் அறைந்தன. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கால்களில் அட்டை ஏறியதைக்கூட அவள் உணரவில்லை.

"ஏய்! யாரது செடிக்குள்ள ஓடுறது?" என்று கங்காணியின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "பழம்லாம் உதிருது! நில்லு! ஒங்கப்பன் பேரு என்ன?"

அவள் நிற்கவில்லை.

ஆத்தா அவசரப்படமாட்டாள், கொம்பு ஊதட்டும் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் ஊதவில்லை. இன்னும் ஊதவில்லை. கால் வழுக்கியது. எழுந்து ஓடினாள். இன்னும் ஊத...

"பூஊஊஊம்!"

மலைக்கு மேலே கொம்பு ஊதியது.

அங்கம்மா இன்னும் வேகமாக ஏறினாள். 'சடையா, வாயைத் திறக்காதேடா. நீதான் மருந்தே குடிக்கமாட்டியே. இன்னைக்கும் குடிக்காதேடா' என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.

*

லயத்து வாசலில் பிள்ளைகள் சிரட்டைகளோடு வரிசையாக நின்றார்கள். வேலையிலிருந்து வந்த பெண்கள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலாயியின் கையில் கரண்டி. சடையனின் மூக்கை நல்லம்மா பிடித்திருந்தாள். அவனோ பல்லைக் கடித்து வாயை இறுக மூடியிருந்தான்.

"தெறடா! பாணி போட்டிருக்குடா! தித்திக்கும்டா!"

ஓடி வந்த அங்கம்மாவின் தலைக்குள் ஒரே சொல்தான் சுழன்றுகொண்டிருந்தது. அதுவே வாயிலும் வந்தது.

"கன்ன எப்பா!" என்று அலறினாள். "ஆத்தா, கன்ன எப்பா!"

வேலாயி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி இது? நீயும் இப்பத் தம்பியைக் கொஞ்ச ஆரம்பிச்சுட்டியா?"

கரண்டி சடையனின் உதட்டைத் தொட்டது.

இனி விளக்கம் சொல்ல நேரமில்லை. அங்கம்மா பாய்ந்து வந்து கரண்டியைத் தட்டிவிட்டாள். அது பறந்துபோய்ச் சுவரில் மோதியது. மறுகணம் அவள் பானையையும் காலால் தள்ளினாள். பானை உருண்டு உடைந்தது. லயம் முழுவதின் குளிர்காலப் பாகும் சேற்றில் ஓடியது.

 எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"அடிப் பாவி!"

"எம்புட்டு மிளகுடி! எம்புட்டுத் திப்பிலி!"

"இந்தப் புள்ளைக்கு என்ன புடிச்சிருச்சு?"

வேலாயியின் கை ஓங்கியது. அங்கம்மா விலகவில்லை. மூச்சு இரைக்க, தம்பியின் முகத்தைப் பிடித்து உதட்டைத் தன் பாவாடையால் அழுத்தித் துடைத்தாள்.

"அந்த விழுது திங்கிறதுக்கு இல்ல, ஆத்தா! பூசுறதுக்கு! 'கன்ன எப்பா'ன்னா 'திங்காதே'ன்னு அர்த்தம். வண்டிக்காரரு மாட்டுக்குச் சொன்னாரு!"

"மாட்டுக்குச் சொன்னாரா?" என்றாள் நல்லம்மா. "மெனிக்கா ஒன்னையக் கொஞ்சுனான்னு காலையில நீதானே சொன்னே? இப்ப மாடு வந்து மாத்திச் சொல்லிருச்சா?"

எவரோ ஒருத்தி சிரித்தாள். எவரும் நம்பவில்லை. ஓங்கிய கை இறங்கியது. ஆனால் வேலாயியின் கண்கள் நிறைந்திருந்தன. எல்லா வீட்டுப் பொருளும் அவளை நம்பிக் கொடுக்கப்பட்டது அல்லவா? இனிக் குளிர் முடியும் வரைக்கும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

அங்கம்மாவின் உள்ளத்திலும் இப்போது ஒரு பயம் எட்டிப் பார்த்தது. ஒருவேளை அவள் இப்போதுதான் தப்பாகக் கேட்டுவிட்டாளோ? காலையில் கேட்டதுதான் சரியோ?

"லொக்... லொக்..." என்று சடையன் இருமினான். பெண்கள் கடைசிக் காம்பிராவின் கதவைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நல்லம்மாவின் ஆட்டுக்குட்டி கூட்டத்துக்குள் நுழைந்தது. ஆடாதோடையைக் கண்டால் ஒதுங்குகிற ஆடுதான். ஆனால் கித்துள் பாணியின் வாசனை அதையும் மயக்கிவிட்டது. சேற்றில் ஓடிய பாகை நோக்கி அது நாக்கை நீட்டியது.

"கன்ன எப்பாஆஆ!"

எல்லாரும் திரும்பினார்கள்.

பாதை முனையில் மெனிக்கா நின்றாள். ஒரு கையில் ஓலைப் பந்தம். மறு கையில் மூங்கில் குழாய். மலை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவள் பந்தத்தை வீசிக்கொண்டே ஓடிவந்து ஆட்டுக்குட்டியைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள்.

"கன்ன எப்பா! கன்ன எப்பா!"

ஆட்டுக்குட்டியைக் கொஞ்சுகிற குரல் அன்று அது. அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும், சிங்களம் ஓர் எழுத்துகூடத் தெரியாமலே, அது விளங்கிவிட்டது.

வேலாயி சடையனை வாரி எடுத்துக்கொண்டாள். நல்லம்மா தன் கையைப் பார்த்தாள். சற்று முன்னே சடையனின் மூக்கைப் பிடித்திருந்த கை அது.

மெனிக்கா உடைந்த பானையைப் பார்த்தாள். பிள்ளைகளின் சிரட்டைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். எல்லாம் வெறுமையாக இருந்தன. பிறகு அங்கம்மாவைக் கண்டாள். கிழிந்த பாவாடையையும், இரத்தம் கசிந்த கால்களையும் கண்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. தன் வாயைத் தொட்டு, அங்கம்மாவைப்போல் வாய்கொள்ளாமல் சிரித்துக் காட்டினாள். உடனே அந்தச் சிரிப்பைத் துடைத்துவிட்டுக் கையை விரித்தாள்.

'தின்னாதே என்று சொன்னேன். நீ சிரித்துக்கொண்டு போனாயே! அப்படிச் சொன்னதற்கு ஒரு பிள்ளை சிரிக்குமா?' என்பதுதான் அது. அந்தச் சிரிப்பு நாள் முழுவதும் அவளை உறுத்திக் கடைசியில் இங்கே கொண்டுவந்து விட்டது.

பிறகு அவள் அங்கம்மாவைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இந்த முறை கொஞ்சினாள், சிங்களத்தில் கொஞ்சினாள். அதில் 'கண்ணா' எதுவும் இருக்கவில்லை.

*

உடைந்த பானையின் மேல் வேலாயி மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் போட்டாள். மற்றப் பெண்கள் தத்தம் காம்பிராக்களுக்குள் போனார்கள். கோபித்துக்கொண்டுதான் போகிறார்கள் என்று அங்கம்மா நினைத்தாள். ஆனால், ஒருத்தி மீதி மிளகோடு வந்தாள். ஒருத்தி குழம்புக்கு வைத்திருந்த இஞ்சியோடு வந்தாள். நல்லம்மா தன்னுடைய சோற்றுப் பானையையே கழுவிக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள்.

"மாட்டைக் கேலி பண்ணினேன்ல, அதுக்குத் தண்டனை" என்றாள்.

மெனிக்கா கொண்டுவந்திருந்த குழாயிலும் பாணிதான் இருந்தது. பாகு திரளும் வரைக்கும் அவள் சடையனைத் தன் மடியில் கிடத்திக்கொண்டாள். காலையில் கொடுத்தனுப்பிய வாழையிலையின் மடிப்பில் கொஞ்சம் விழுது ஒட்டியிருந்தது. அதை வழித்து அவனுடைய நெஞ்சில் தேய்த்தாள்.

"பப்புவ" என்றாள் நெஞ்சைத் தொட்டு.

"அட! அது பாப்பாவும் இல்லையா?" என்றாள் அங்கம்மா.

"சுடுது! சுடுது!" என்று கத்திய சடையன், சற்று நேரத்தில் சூடு இதமாக இருப்பதை உணர்ந்து அடங்கிவிட்டான்.

இதற்குள் காளிமுத்து கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "யாரு இதை நுகத்தடியில போட்டது? மாட்டுக்கா குளுருது?" என்று கேட்டார். அவருக்குக் கதையைச் சொல்ல எல்லாரும் முந்தினார்கள். கேட்டு முடித்ததும் அவர் கம்பளியை எடுத்து மகளின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

வேலாயி நாரத்தங்காய் ஊறுகாய்ச் சாடியை இறக்கினாள். ஒரு சிரட்டை நிறைய அள்ளி மெனிக்காவிடம் நீட்டினாள். எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு மகளைப் பார்த்துக்கொண்டே, "கன்ன?" என்றாள்.

மெனிக்கா வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். புளிப்பில் அவளுடைய ஒரு கண் மூடிக்கொண்டது.

பாகு ஆறியது. பிள்ளைகள் மறுபடியும் வரிசையாக நின்றார்கள். முதல் கரண்டியை மெனிக்காவே எடுத்தாள். அங்கம்மா அதைத் தொட்டு நக்கிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் தம்பியிடம் கொண்டுபோகவிட்டாள்.

"கன்ன" என்றாள் மெனிக்கா.

சடையன் அன்றைய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தனக்கு மிகவும் வேண்டிய சொல்லை அவன் அதிலிருந்து பொறுக்கி வைத்திருந்தான்.

"எப்பா!" என்று கத்தினான். "எப்பா! எப்பா! எப்பா!"

லயமே சிரித்தது. கத்துவதற்காகத் திறந்த வாய்க்குள் அங்கம்மா மெனிக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் செலுத்திவிட்டாள்.

சடையன் முகத்தைச் சுளித்தான். விழுங்கினான். கசப்பு போய் மிளகு வந்தது. மிளகு போய்ப் பாணி வந்தது. அவன் நாக்கை வெளியே நீட்டி, மேலுதட்டையும் கீழுதட்டையும் நன்றாகத் துழாவினான். பிறகு மிகவும் மரியாதையாகத் தன் சிரட்டையை நீட்டினான்.

"கன்ன" என்றான்.

இந்த முறை அதை எவரும் தப்பாகக் கேட்கவில்லை.